கடைசிப் பிள்ளை பிறக்கும் ஊர்

மனித குலத்தின் கடைசிப் பிள்ளை ஊசிப்பாளையம் அரசு மருத்துவமனையில் பிறக்கும் என்ற செய்தி வந்தபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வருடம் 3127. ஐப்பசி மாதம், வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணி. பெண் குழந்தை. அதற்கப்புறம் உலகத்தில் எங்கேயும் யாருக்கும் பிள்ளை கிடையாது. அந்தக் குழந்தை வளர்ந்து, கிழவியாகி, தனியாகக் கண்ணை மூடும்போது மனிதர்கள் தீர்ந்துபோயிருப்பார்கள்.

வியாழக்கிழமை ராகு காலம் மூன்று மணிக்கே முடிந்துவிடும் என்பதை ஊசிப்பாளையத்துக்காரர்கள் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். கடைசிப் பிள்ளைகூட நேரம் பார்த்துத்தான் பிறக்கிறது என்று அவர்களுக்கு ஒரே பெருமை.

நான் பற்பசையை விழுங்கிவிட்டேன். காரணம், நான் பெருங்கரைக்காரன். ஊசிப்பாளையத்துக்கும் பெருங்கரைக்கும் நடுவில் காவிரியும் ஒரு பாலமும்தான். எங்கள் ஊரின் கடைசிப் பிரசவம் 2290 என்று அதே பட்டியலில் போட்டிருந்தது. அக்கரையில் பிள்ளை அழுகிற சத்தம் எங்கள் சுடுகாட்டுக்கு மேலும் எண்ணூற்று முப்பத்தேழு வருடம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அர்த்தம்.

இந்தக் கணக்கைப் போட்டது கோயம்புத்தூர் மக்கள்தொகை ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் ஒரு இயந்திரம். ஆபீசில் எல்லோரும் அதைப் பெரியவர் என்போம். உலகத்தில் நூற்றைம்பது வருடமாக எந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்கிற விவரம் முழுவதையும் தின்றுவிட்டு, இப்படியே போனால் எந்த ஊர் எப்போது தீரும் என்று சொல்வார். அவரை உருவாக்கியவர் மோனிஷா மேடம். ஊசிப்பாளையத்தில் பிறந்தவர். நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். முப்பத்தொரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் இயக்குநர் ஆனார். நான் துணை இயக்குநராக ஓய்வு பெற்றேன். எனக்குப் பொறாமை இல்லை. அவருடைய நாற்காலிக்குச் சக்கரம் உண்டு, என்னுடையதற்கு இல்லை என்பதைத் தகவலுக்காக மட்டும் சொல்கிறேன்.

மோனிஷா, கிஷோர், மிதுன் என்று கிழட்டுப் பெயர்களாக வருவதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் காலத்தில் அப்படித்தான் வைத்தார்கள். கிஷோர் என்பது நான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க மேடம், உலகத்துல இத்தனை ஊரு இருக்கையில உங்கூரு எப்படீங்க வந்துச்சு?"

"நானா போட்டேன்? பெரியவர் போட்டதுங்க சார். ஒரு பொம்பளைக்கு ரெண்டுக்கு மேல கொஞ்சம் பொறந்தாத்தான் ஜனம் குறையாம நிக்கும். உலகம் முக்காலுக்கு வந்திருச்சு. முக்கால்னா ஒவ்வொரு தலைமுறையிலயும் மூணுல ஒரு பங்குதான் மிஞ்சும். ஊசிப்பாளையம் மட்டும் நாப்பது வருஷமா ஒண்ணு புள்ளி ஆறுல நிக்குது. அதனால மெதுவாத் தேயும், கடைசியாத் தீரும்."

"பெருங்கரை?"

"அரைக்கு மேல கொஞ்சம் இருக்குதுங்க சார்" என்றார், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொல்கிற குரலில்.

அப்புறம் நடந்ததையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். ஊசிப்பாளையத்தின் எல்லையில் ஒரு தோரண வாயில் எழும்பியது. 'மனித குலத்தின் கடைசி ஊர் உங்களை வரவேற்கிறது.' ஜப்பானிலிருந்து பதினாறு விஞ்ஞானிகள் வந்து அந்த ஊர்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்தார்கள். மண்ணைப் பொட்டலம் கட்டினார்கள். ஒருவர் ஊசிப்பாளையத்து இட்லியின் கனத்தை அளவுகோல் வைத்து அளந்தார். பிள்ளையில்லாத கொரியத் தம்பதிகள் அந்த ஊர் டீக்கடைப் பெஞ்சில் காரணமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கடைசிப் பெண்ணுக்குப் பேருந்து நிலையத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். முகம் யாருக்கும் தெரியாது என்பதால் சிற்பி பின்னாலிருந்து பார்க்கிற மாதிரியே சுற்றிலும் செய்துவிட்டார்.

எங்களுக்கு வந்த கௌரவம் வேறு மாதிரி. பாலம் தாண்டியதும் பஸ் கண்டக்டர், "ரெண்டாயிரத்தி எரநூத்தித் தொண்ணூறெல்லாம் எறங்குங்கோ!" என்று கூவ ஆரம்பித்தான். நாங்களும் இறங்கினோம். வேறெங்கே போவது?

இதில் என் வீட்டு விவகாரம் ஒன்றும் உண்டு. என் மருமகள் நன்முல்லை ஊசிப்பாளையத்துப் பெண். மோனிஷா மேடத்தின் அண்ணன் மிதுனின் மகள். அவள் அப்போது ஏழு மாதம். என் மகன் செம்பியனுக்கும் அவளுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான முதல் பிள்ளை. இந்த ஒரு பிள்ளைக்காக நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து காத்திருந்தேன். முதுகு வளைத்து யானை ஆவதற்குக் கூடத்தில் தனியாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். அதை என் மனைவி சௌமியா ஒரு தடவை பார்த்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டாள்.

வளைகாப்புக்கு அக்கரையிலிருந்து மூன்று வேன் நிறைய ஆள் வந்தது. அத்தனை பேர் முகத்திலும் 3127 எழுதி ஒட்டியிருந்தது. பந்தியில் சம்மந்தி மிதுன் மீசையில் ஒட்டிய பாயசத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணும் கவலைப்படாதீங்கோ சம்மந்தி. எங்கூரு ஆஸ்பத்திரில கடைசிப் பிள்ளை வரைக்கும் பாக்கப் போறாங்க. உங்க பேரப்பிள்ளையப் பாக்க மாட்டாங்களா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது அப்பளம் என் கைக்குள் நொறுங்கியது.

சாப்பாடு முடிந்து, கை நிறைய வளையலோடு நன்முல்லையைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வழியனுப்பப் பாலம் வரை போனேன். அவள் கார் பாலம் ஏறியது. அதற்குப் பின்னால் இன்னொரு கார்; அதிலும் கை நிறைய வளையலோடு ஒரு பெண். அதற்குப் பின்னால் மூன்றாவது.

முப்பத்தொரு வருடம் எண்ணிய விரல் அரித்தது. பாலத்தடி டீக்கடையில் உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். மூன்று மாதம் உட்கார்ந்தேன். வயிற்றோடு எங்கள் ஊரிலிருந்து அக்கரைக்குப் போனவர்கள் நாற்பத்தொரு பேர். பிள்ளையோடு எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவே. எதிர்த்திசையில், அக்கரையிலிருந்து எங்கள் பக்கம் வயிற்றோடு வந்தது ஒன்றே ஒன்று. அது ஆடு.

நடுவில் பேத்தி பிறந்தாள். ஊசிப்பாளையம் ஆஸ்பத்திரியில் போய் ஐந்து நிமிடம் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாதம் அழைத்து வருவார்கள், அப்புறம் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்று டீக்கடைக்குத் திரும்பிவிட்டேன். இதைப் பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஆளுக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். மோனிஷா மேடம் சக்கரம் வைத்த அந்த நாற்காலியில் ஒரு அரை வட்டம் சுற்றி என் பக்கம் திரும்பினார்.

"மேடம், உங்க பையன் எங்க பொறந்தான்?"

"எங்கம்மா வீட்டுல. ஊசிப்பாளையம்."

"அப்ப நீங்க குடியிருந்தது?"

"இங்கதான். கோயமுத்தூரு. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானுங்களே?"

"ஆஸ்பத்திரில அடையாள அட்டை கேட்டாங்களே, அதுல என்ன முகவரி இருந்துச்சு?"

"ஊசிப்பாளையம்தான். கல்யாணமானதும் யாரு சார் போய் அட்டைய மாத்தறா? அது கெடக்கும் பத்து வரு..."

நின்றுவிட்டார். நான் உதவி செய்தேன்.

"தலைய எண்ணறவங்க வீட்டுக்கு வந்து எண்ணறாங்க. பிள்ளைய எண்ணறவங்க அட்டையப் பாத்து எண்ணறாங்க. எங்கூருல குடியிருக்கற பொண்ணு எங்கூருத் தலை. அவ பெத்த பிள்ளை மட்டும் உங்கூருப் பிள்ளை. மத்த ஊருலெல்லாம் பொண்ணு கொடுப்பாங்க, எடுப்பாங்க, கூட்டிக் கழிச்சாச் சரியாப் போயிரும். நாங்க உங்ககிட்ட பொண்ணு எடுப்போம், கொடுக்க மாட்டோம். எங்க பொண்ணுகளுக்கு மெட்ராசு, சிங்கப்பூரு மாப்பிள்ளைதான். பெத்தவங்க அங்க போயிப் பிரசவம் பாத்துட்டு வருவாங்க."

"அப்படீன்னா..." அவர் ஏற்கெனவே மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு ஊரும் ஒரே அளவு. ஒண்ணு புள்ளி ஆறும் அரைச் சில்லறையும் சேத்துப் பங்கு வெச்சா ஆளுக்கு ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"சமம்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெகுநேரம் அதைத் திரும்பப் போடவில்லை. அந்த முகத்தைப் பார்க்க முப்பத்தொரு வருடம் காத்திருந்தேன். பார்த்தேன். எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, இருந்தாலும் மோசமில்லை.

மோனிஷா மேடத்திடம் ஒரு கெட்ட குணம் உண்டு, நேர்மை. ஒரே வாரத்தில் திருத்தத்தை உலகத்துக்கு அறிவித்தார். 'பிழையைக் கண்டுபிடித்தவர்: கிஷோர், பெருங்கரை' என்று முதல் வரியிலேயே போட்டார். பெரியவர் மறுபடி கூட்டிப் பார்த்தார். உலகத்தின் கடைசிப் பிரசவம் 2738. இடம், வடகோடியில் பெயரை உச்சரிக்க வராத ஒரு தீவு. என்னால் மனித குலத்துக்கு முன்னூற்றெண்பத்தொன்பது வருடம் குறைந்துபோனது. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்று மதியம் ரசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஊசிப்பாளையத்துத் தோரண வாயிலில் 'கடைசி' என்ற சொல்லை மட்டும் சுண்ணாம்பு வைத்து அழித்தார்கள். 'மனித குலத்தின் ஊர் உங்களை வரவேற்கிறது' என்று மிச்சம் நின்றது. ஜப்பான்காரர்கள் தண்ணீரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெருங்கரையில் கூட்டம் போட்டோம். நாற்பது வருடமாக நம் பிள்ளைகளை அக்கரைக்காரன் தன் பிள்ளையாகக் காட்டிப் பேர் வாங்கியிருக்கிறான், இனித் தலைப்பிரசவம் நம்மூரில்தான் என்று தீர்மானம் ஆயிற்று. அதே நேரம் அக்கரையில் நடந்த கூட்டத்தில், இனிப் பெருங்கரைக்குப் பெண் கிடையாது என்று தீர்மானம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். சௌமியாவும் ஊசிப்பாளையத்தில் பிறந்தவள் என்பது எனக்கு அப்போது மறந்துவிட்டது.

"நம்ம பிள்ளைக, நம்ம பிள்ளைகன்னு கூட்டத்துல கத்துனீங்களே, பெத்தது எந்தூரு வயிறு?" என்றாள்.

கணக்கில் அந்தப் பத்தி இல்லை.

மூன்றாம் மாதம் ஆயிற்று. பேத்தியை அழைத்து வரவில்லை. மிதுனுக்குப் போன் போட்டேன்.

"எங்க ஆஸ்பத்திரில பொறந்த பிள்ளை. எங்க பதிவுல இருக்கற பிள்ளை. எண்ணி எடுத்துக்கிட்டுப் போகலாம்னு பாத்தீங்களா சம்மந்தி?" என்று வைத்துவிட்டார்.

சமாதானம் பேசச் செம்பியனை அனுப்பினேன். அவனுக்கு நாட்டுக்கோழி போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. எந்த வீடாக இருந்தால் என்ன? அவனும் திரும்பி வரவில்லை.

நன்முல்லையிடமே பேசினேன்.

"அப்பாவ நான் சமாளிச்சுக்குவனுங்க மாமா. அவரு என்னத் தடுத்து நிறுத்த முடியாது. நாந்தான் வரலை."

"ஏன் கண்ணு?"

"பாலத்துமேல கார்ல போறப்ப உங்களுக்குக் கை காட்டுனேன், ஞாபகம் இருக்குதுங்களா? நீங்க குனிஞ்சு நோட்டுல ஒரு கோடு போட்டீங்க. மூக்குக்கண்ணாடி துடைக்கறீங்கன்னு நெனச்சேன். திருத்தம் வந்தப்புறந்தான் தெரிஞ்சுது, நாப்பத்தொண்ணுல நான் மொதல் கோடுன்னு. மோனிஷா அத்தைய ஜெயிக்கறதுக்கு நானும் என்ற பிள்ளையும் உங்களுக்கு ஒரு கோடு. அந்த வீட்டுக்கு எதுக்குங்க வரணும்?"

போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்து முதல் கோட்டைப் பார்த்தேன்.

பேத்தி குப்புற விழுந்ததை, தவழ்ந்ததை, எழுந்து நின்றதை எல்லாம் போனில் பார்த்தேன். பெயர் மாராத்தாள். இப்போதைய ஃபேஷன் அப்படி. ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு மீசை தெரியும். சில படங்களில் மீசைதான் நடுவில், பேத்தி ஓரத்தில். மிதுன் யானை ஆன படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகு வளைவு சரியே இல்லை.

இதற்கிடையில் ஊர் சும்மா இருக்கவில்லை. பாலத்தின் எங்கள் முனையில், அக்கரைக்குத் தெரிகிற மாதிரி ஒரு பலகை வைத்தோம்: 'இந்த மாதம் பெருங்கரையில் பிறந்த பிள்ளைகள்: 9.' மறுவாரம் அக்கரை முனையில் ஒரு பலகை: '11.' புதுக் கல்யாணம் நின்றுபோனால் என்ன, ஏற்கெனவே ஆனவர்கள் இருக்கிறார்களே. ஒன்றே போதும் என்றிருந்தவர்கள் இரண்டாவதுக்கு வந்தார்கள். எட்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நாற்பத்து மூன்று வயது ஆசிரியை ஒருவர், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து, மூன்றாவது என்று தெரிந்து, ஊர்வலமாக அழைத்து வரப்பட்டார். அவர் முகத்தில் ஊர்வலம் தெரியவில்லை, அசதிதான் தெரிந்தது. சௌமியா அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "எரிச்சல் உங்களுக்கு, இடுப்பு வலி அவளுக்கு" என்றாள்.

ஒரு வருடத்தில் எங்கள் ஊர் இரண்டு புள்ளி நான்கு. அக்கரை இரண்டு புள்ளி ஐந்து. இதைக் கேள்விப்பட்டு ஜப்பானில் இரண்டு தீவுகள் பலகை வைத்தன. சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தார்கள். பெரியவர் குழம்பிப்போனார். தை மாதம் கேட்டால் 3300 என்றார். மாசியில் 2910. பங்குனியில் 5012. சித்திரையில் கேள்வியையே திருப்பிக் கேட்டார்.

வைகாசியில் ஒரு காலை மோனிஷா மேடம் என் வீட்டுப் படியேறி வந்தார். கையில் பெரியவரோடு பேசுகிற பலகைக்கருவி. சௌமியா காபி வைத்தாள். என்னைப் பார்த்து ஒரு பார்வையும் வைத்துவிட்டுப் போனாள்.

"போக்கு மட்டும் வெச்சு முடிவு சொல்ல முடியாதுங்க சார்" என்றார் மேடம். "ஜனங்க கோட்டைப் பாக்காம நடந்துக்கிட்டே இருந்தாத்தான் கோடு நேராப் போகும். இவங்க பாத்துட்டாங்க. அதுவும் சொந்தக் கோட்டைப் பாக்கலை, பக்கத்து ஊருக் கோட்டைப் பாக்கறாங்க."

"அதுக்கு?"

"பொறாமையவும் கணக்குல சேத்தேன். நூத்தம்பது வருஷத்தையும் மறுபடி ஓட்டுனேன். அதுக்கப்புறம் எல்லாம் கச்சிதமாப் பொருந்துது. ஆசையில பொறந்தது கொஞ்சம், அறியாமப் பொறந்தது கொஞ்சம். மிச்சம் அத்தனையும் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆயிருச்சுன்னு பொறந்ததுங்க சார். மனுச சாதி அப்படித்தான் வந்திருக்குது."

"சந்தோஷம். அப்புறம் எங்கிட்ட எதுக்கு?"

"அளவு வேணும். தராசு என்கிட்ட இருக்குது, படிக்கல் இல்லை. ஒரே ஒரு ஆளோட பொறாமை இத்தனைன்னு திட்டமாத் தெரிஞ்சா, அத வெச்சு உலகத்தையே நிறுத்துப் பாத்துருவேன். முப்பத்தொரு வருஷம் ஒரே மாதிரி, ஏறாம எறங்காமப் பொறாமைப்பட்ட ஆள் ஒருத்தரைத்தான் எனக்குத் தெரியும்."

நான் காபியை ஆற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"படிக்கல் வேணும்னா, ஞாயித்துக்கிழமை என்ற பேத்தி இந்த வீட்டுக்கு வரணும்" என்றேன். "நன்முல்லை நீங்க சொன்னாக் கேப்பா."

"கூட்டிட்டு வர்றேன். ஆனா நெசத்தைச் சொல்லோணும். பத்துக்கு எத்தனைங்க சார்? நான் டைரக்டர் ஆனேனே, அன்னைக்கு?"

"சந்தோஷமா இருந்துச்சு. பூஜ்யம் போட்டுக்குங்க."

அவர் பூஜ்யம் போட்டார். பெரியவர் கொஞ்சம்கூட யோசிக்காமல் பதில் சொன்னார். பலகைக்கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார் மேடம்.

உலகத்தின் கடைசிப் பிரசவம்: ஆறு வருடம் கழித்து, ஆனி மாதம்.

"பாருங்கோ" என்றார். "உங்க பேத்தி எட்டாவது படிக்கறப்ப அவளுக்குக் கீழ பால்வாடியில ஆளிருக்காது."

நான் பார்த்தேன். ஆனி மாதம் என்றுதான் எழுதியிருந்தது. மனித குலம் அழிவதற்குக்கூட நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் என் பேத்தி தனக்குப் பின்னால் யாருமே வராத ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் பை மாட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"நீங்க டைரக்டர் ஆன அன்னைக்கு லட்டு வாங்கியாந்து கொடுத்தேன்" என்றேன். "உங்களுக்குக் கொடுத்தது மட்டும் ஒடஞ்ச லட்டு. தேடி எடுத்து வெச்சிருந்தேன்."

"தெரியும்."

"விருது வாங்கப் போன அன்னைக்கு உங்க குடையை ஒளிச்சு வெச்சேன்."

"அதுவும் தெரியும். நனைஞ்சுட்டுத்தான் வாங்குனேன். போட்டோவுல இருக்குது."

"பெரியவருக்குச் சளி புடிக்கோணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். மிஷினுக்குச் சளி புடிக்காதுன்னு தெரிஞ்சே வேண்டிக்கிட்டேன்." கோப்பையைக் கீழே வைத்தேன். "பாலத்துல உக்காந்து எண்ணுனது உண்மையைத் தெரிஞ்சுக்கறதுக்கு இல்லீங்க. உங்க கணக்குல ஒரு தப்பு இருக்கோணும்னுதான். இல்லாட்டி நாப்பது வருஷமாக் கண்ணு முன்னால போற காரை நான் எதுக்குப் பாக்கப் போறேன்? மருமக கை காட்டுச்சு. நான் அதைப் பாத்துட்டேதான் கோடு போட்டேன். ஒன்பது போடுங்க அம்மிணி. பத்துப் போட வேண்டாம், லட்டுல பாதி நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் ஒன்பது போட்டார். பெரியவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். சௌமியா வந்து கோப்பைகளை எடுத்துப்போன பிறகுதான் பதில் வந்தது.

'தேதி இல்லை.'

"இல்லைன்னா?"

"தீராதுன்னு அர்த்தம்" என்றார் மேடம். பிறகு அவர் விரல் மறுபடி ஓடியது. முகம் மாறியது. நேர்மை வந்துவிட்டது என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

"ஒண்ணு சொல்லோணும் சார். பேத்தி வந்துட்டா நீங்க சமாதானம் ஆயிருவீங்க. உங்கள நாலு பேரு பாத்து, ரெண்டு ஊரும் சமாதானம் ஆயிரும். பலகையக் கழட்டிருவாங்க. படிக்கல்லே தேஞ்சு போயிரும். அப்படிப் போட்டா 2741ன்னு வருது. ஊரு, உலகம், அத்தனையும்." கருவியை மடியில் கவிழ்த்து வைத்தார். "வாக்குக் கொடுத்தாச்சு, நான் மாறமாட்டேன். நீங்க வேண்டாம்னு சொன்னா மட்டும் விட்டுர்றேன். என்னங்க பண்ணட்டும்?"

இந்த மாதிரி நேரத்தில் பெரிய மனிதர்கள் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார்கள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுக்காரரின் சுவர்.

"2741ல நான் இருக்க மாட்டேன்" என்றேன். "ஞாயித்துக்கிழமை இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் வந்தது. முதலில் செம்பியன் இறங்கினான். நாலு கிலோ கூடியிருந்தான். அப்புறம் நன்முல்லை.

"நோட்டுப் புஸ்தகம் எங்கீங்க மாமா? ரெண்டு பேரு வந்திருக்கோம், கோடு போட்டுக்கலையா?"

"தப்புத்தான் கண்ணு" என்றேன். வேறு எதுவும் தயாராக இல்லை.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் போயிற்றா என்று தெரியவில்லை. ஆனால் தங்க வந்தவள்போலச் செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தாள். சௌமியா அதைப் பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மாராத்தாள் இறங்கினாள். கவுன் போட்டு, இரட்டைக் குடுமி வைத்து, இருபது மாதத்துக்கான நடையில். நான் முற்றத்தில் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். அவள் நின்றாள். நெற்றி முதல் கால் வரை என்னை நிதானமாகப் பார்த்தாள். ஒரு புள்ளிவிவரத்தில் பிழை தேடுகிற பார்வை அது. எங்கள் குடும்பத்துப் பார்வைதான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு உதட்டைப் பிதுக்கினாள். பெருங்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்துக் கத்தினாள். திரும்பி ஓடினாள்.

காரின் மறுபக்கக் கதவு திறந்து மிதுன் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் வருவார் என்று யாரும் சொல்லவில்லை. பேத்தி அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் தூக்கினார். அவள் மீசையைப் பிடித்துத் தொங்கியபடி, கண்ணீரோடு, என்னைப் பார்த்து விரல் நீட்டி, "போ" என்றாள்.

"பழக்கம் இல்லீங்களா, அதான். ரெண்டு நாள்ல சரியாயிரும் சம்மந்தி" என்றார் மிதுன். மிகவும் அடக்கமாகத்தான் சொன்னார். அடக்கத்துக்குக் கீழே ஒரு சிரிப்பு இருந்தது. அதை அடக்க அவருக்கு மீசை போதவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே என் கூடத்தில், என் ஜமுக்காளத்தில், அவர் யானை ஆனார். பேத்தி முதுகில். செம்பியன் படம் எடுத்தான். நன்முல்லை சிரித்தாள். சௌமியா கைதட்டினாள், பெருங்கரையில் வாழ்க்கைப்பட்டவள்.

போன் அடித்தது. மோனிஷா மேடம்.

"கொழந்தை வந்திருச்சுங்களா சார்? நல்லபடியாச் சேந்துச்சா?" குரலில் உண்மையான அக்கறை. "சரி, என்ன ஆகுதோ ஆகட்டும். இப்ப எத்தனை போடட்டும்? மூணு? நாலு?"

யானை அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் வந்தது.

"பன்னெண்டு போடுங்க" என்றேன்.

"பத்து வரைக்குந்தானுங்க சார் அளவு."

"தெரியும். போடுங்க. அப்படியே உங்கூரு ஆளுககிட்ட, பலகைய யாரும் கழட்டிர வேண்டாம்னு சொல்லிருங்க."